ஜிபிஜி-யை மூட்டை கட்டலாமா? அஞ்சல், பேக்கப், கையொப்பம்: எதற்கு எது?

சாவிக்கொத்து கேட்டது:

ஒன்பது பேர் உள்ள குழு. எல்லாரிடமும் ஜிபிஜி (அஞ்சலையும் கோப்பையும் மறையாக்கவும் கையொப்பமிடவும் உதவும் மென்பொருள்) இருக்கிறது. சாவிகளில் பெரும்பாலானவை ஆர்எஸ்ஏ 4096, ஒன்றிரண்டு மிகவும் பழையவை. மூன்று வேலைக்கு அது ஓடுகிறது.

முதலாவது, எங்களுக்குள் போகும் அஞ்சல். பாதிப் பேர் தண்டர்பேர்டில், மீதிப் பேர் முனையத்தில். இரண்டாவது, வாராந்தர பேக்கப். ஸ்கிரிப்ட் ஒன்று தானாக ஓடி, டார் கோப்பை (பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்று) மூன்று பேரின் பொதுச்சாவிகளுக்கு (வெளியே கொடுக்கும் பாதி; திறக்கும் தனிச்சாவி அவரவரிடமே இருக்கும்) மறையாக்கம் செய்து வெளி சர்வரில் ஏற்றும். மூன்றாவது, நாங்கள் வெளியிடும் மென்பொருளுக்குக் கையொப்பம்.

இப்போதுள்ள தலைவலிகள்: புதிதாக வந்தவர் ஜிபிஜி 2.4-இல் சாவி உண்டாக்கி, அதையே போனில் உள்ள ஓப்பன்பிஜிபி (ஜிபிஜி போன்றவை பின்பற்றும் பொது வடிவம்) செயலியிலும் ஏற்றினார். மேசைக்கணினியில் திறக்கும் சில அஞ்சல்கள் போனில் திறப்பதில்லை. ‘அறியாத பாக்கெட் வகை 20’ என்கிறது. இன்னொருவரின் துணைச்சாவி (முதன்மைச் சாவியின் கீழ் மறையாக்கத்துக்கென இருப்பது) காலாவதியாகி, அவர் தேதியை நீட்டித்த பிறகும் பாதிப் பேருக்கு ‘பயன்படுத்த முடியாத பொதுச்சாவி’ என்றே வருகிறது. போதாக்குறைக்கு, அவ்வப்போது யாராவது மறையாக்கம் செய்யாமலே பதில் எழுதி, கீழே முழு உரையாடலையும் மேற்கோளாக ஒட்டிவிடுகிறார்கள்.

உரையாடலுக்கு சிக்னல், பேக்கப்புக்கு ஏஜ், கையொப்பத்துக்கு மினிசைன் என்று மாறிவிடலாம் என ஒரு கட்சி. இத்தனை வருஷம் தாங்கியதை ஏன் தொட வேண்டும் என இன்னொரு கட்சி. மாறினால் எது உடையும்? பழைய கோப்புகளை என்ன செய்வது? மதச் சண்டை வேண்டாம், வேலைக்கு ஆவதைச் சொல்லுங்கள்.

---

முனையம்24:

மூன்று வேலையையும் ஒரே சாவியில் தொங்கவிட்டிருப்பதுதான் வேர். 1991-இல் ஜிபிஜி-யின் மூதாதையான பிஜிபி வந்தபோது அதற்கு வேறு வழியில்லை. இன்று ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கருவி இருக்கிறது, ஒன்று உடைந்தால் மற்றது உடையாது. பேக்கப்பையும் கையொப்பத்தையும் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்; நான் உரையாடலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓப்பன்பிஜிபி-யில் உங்கள் அஞ்சலைத் திறப்பது ஒரே ஒரு நீண்டகாலச் சாவி. அது என்றைக்குக் களவு போனாலும் அதுவரை வந்த அத்தனை அஞ்சலும் திறந்துவிடும். சர்வரிலோ வழியிலோ நகல் எடுத்து வைத்தவன் இன்று எதையும் உடைக்க வேண்டாம், காத்திருந்தால் போதும். துணைச்சாவியை அடிக்கடி மாற்றிப் பழையதை அழித்தால் ஓரளவு தப்பலாம், ஆனால் பழைய அஞ்சலை நீங்களே படிக்க முடியாது. ஆகவே யாரும் அழிப்பதில்லை.

இந்தக் குறையைக் காட்டித்தான் 2004-இல் உடனடிச் செய்திகளுக்கான ஓடிஆர் நெறிமுறை வந்தது. சிக்னலின் இரட்டை ராட்செட் (சாவியை முன்னோக்கி மட்டும் மாற்றிக்கொண்டே போகும் முறை) அதன் வழித்தோன்றல். ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி, பயன்படுத்தியதும் அழிந்துவிடும். ஒரு சாவியை வைத்து முந்தைய சாவிகளைக் கணக்கிட முடியாது. போனிலிருந்து சாவிநிலை ஒருமுறை களவு போனாலும், அடுத்த சில பரிமாற்றங்களில் புது ரகசியம் கலந்து உரையாடல் தானாகத் தேறிக்கொள்ளும். 2023 செப்டம்பரில் தொடக்கக் கைகுலுக்கலில் குவாண்டம் கணினியையும் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தையும் சேர்த்துவிட்டார்கள். இன்று பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிற்காலத்தில் உடைக்கலாம் என்று நினைப்பவனுக்கு அது தடை.

ஆனால் நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது. நிறையப் பேர் கோட்டை விடும் இடங்கள் இவை:

மறையும் செய்தியை இயக்குங்கள். சாவி அழிந்தும் செய்தி போனிலேயே வருஷக்கணக்கில் கிடந்தால் ராட்செட் எதற்கு? குழுவுக்கு ஒரு வாரம் என்று வையுங்கள்.

பதிவுப் பூட்டை (மறுபதிவுக்கு ரகசிய எண் கேட்கும் வசதி) இயக்குங்கள். இல்லையென்றால் உங்கள் சிம்மை மாற்றி வாங்கியவன் உங்கள் எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். பழைய செய்திகள் அவனுக்குக் கிடைக்காது, ஆனால் உங்கள் பெயரில் பேசலாம்.

‘இணைத்த சாதனங்கள்’ பட்டியலை அவ்வப்போது திறந்து பாருங்கள். மறையாக்கத்தை உடைப்பதைவிட, குழு அழைப்பு என்று சொல்லி ஒரு க்யூஆர் குறியை ஸ்கேன் செய்ய வைத்து, தன் கணினியை உங்கள் கணக்கோடு இணைப்பது சுலபம். 2025 தொடக்கத்தில் கூகுளின் ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை இந்த உத்தியைத்தான் விவரித்தது.

பூட்டுத்திரை அறிவிப்பில் பெயர், செய்தி இரண்டையும் மறையுங்கள்.

நடுவில் யாரும் புகவில்லை என்று காட்டும் பாதுகாப்பு எண்ணைச் சரிபாருங்கள். ஐந்து ஐந்தாக 12 தொகுதி, மொத்தம் 60 இலக்கம். குழுவுக்கென்று ஒற்றை எண் கிடையாது, இருவருக்கிடையே ஒன்று. உங்கள் ஒன்பது பேருக்கு 36 இணைகள். நேரில் கூடும்போது க்யூஆர் ஸ்கேன் செய்தால் அரைமணியில் முடியும். போனை மாற்றி, கணக்கைப் பெயர்க்காமல் புதிதாகப் பதிவு செய்தால் எண் மாறும், மறுபடி சரிபார்க்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் யோசிக்காமல் ‘சரி’ தட்டுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் இந்த வசதி இருந்தும் இல்லாததுபோல்தான்.

---

பழையபூட்டு:

முனையம்24 சொன்னதில் தவறில்லை, ஆனால் சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சிக்னலில் பதிவு செய்ய போன் எண் வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த பயனர்பெயர் எண்ணைச் சக பயனர்களிடமிருந்து மறைக்கும், பதிவு செய்யும்போது எண் கொடுத்தே தீரவேண்டும். எல்லாச் செய்தியும் ஒரே நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. அது நின்றால் குழுவும் நின்றது. அஞ்சல் அப்படியல்ல. இந்த சர்வர் போனால் அந்த சர்வர். இணையமே இல்லாத கணினியில் மறைநீக்கம் செய்ய ஜிபிஜி-யால் முடியும், சிக்னலால் முடியாது.

அதோடு, எல்லா உரையாடலும் மறைந்துபோக வேண்டியதில்லை. கணக்கு, தீர்மானம், உரிமம் பற்றிய கடிதம் இவற்றை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டிய குழு எத்தனையோ. மறையும் செய்தியில் தீர்மானம் போடுவது தண்ணீரில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தால் எப்படித் தெரிவிப்பார்? பொதுச்சாவியைத் தளத்தில் வைத்திருந்தால் அவர் எந்தக் கணக்கும் தொடங்காமல் மறையாக்கி அனுப்பலாம். அந்த ஒரு முகவரிக்காவது ஓப்பன்பிஜிபி-யை வைத்திருங்கள்.

இனி உங்கள் காலாவதிச் சிக்கல். தேதியை நீட்டித்தவர் தன் கணினியில் மட்டும் நீட்டித்திருப்பார். காலாவதித் தேதி என்பது பொதுச்சாவியோடு ஒட்டிய ஒரு கையொப்பம். அதன் புதுப் பிரதி எல்லாரிடமும் போய்ச் சேர வேண்டும். பொதுச்சாவிகளைப் பகிரும் சாவி சர்வரில் ஏற்றினார் என்றாலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய எஸ்கேஎஸ் சர்வர் வலை 2019 ஜூனில் குப்பைக் கையொப்ப (சாவி இவருடையதே என்று பிறர் இடும் சான்று) வெள்ளத்தில் அடிபட்டது. பிரபல ஜிபிஜி பங்களிப்பாளர்கள் இருவரின் சாவிகளில் யாரோ ஒன்றரை லட்சம் அளவுக்குக் கையொப்பங்களை ஒட்டினார்கள். அந்தச் சாவியை இறக்குமதி செய்த கணினியில் ஜிபிஜி திணறியது. அதே மாதம் தொடங்கிய கீஸ்.ஓப்பன்பிஜிபி.ஆர்க் சர்வர் வேறு மாதிரி: மூன்றாமவர் கையொப்பங்களைத் தராது, அஞ்சல் முகவரியை நீங்கள் உறுதிசெய்யும்வரை சாவியிலிருந்து பெயரையும் முகவரியையும் உரித்துவிட்டே கொடுக்கும். பெயரில்லாத சாவியை, திருத்தம் சேர்க்காத மூல ஜிபிஜி ‘பயனர் அடையாளம் இல்லை’ என்று சொல்லி ஒதுக்கிவிடும். ஆக, ஏற்றியபின் வரும் உறுதிப்பாட்டு அஞ்சலைத் திறந்து இணைப்பைத் தட்டினாரா என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது தடவை அங்கேதான் நிற்கும்.

சொந்த டொமைன் இருந்தால் இன்னும் நல்லது டபிள்யூகேடி எனும் சாவித் தேடல் முறை. தளத்தின் குறிப்பிட்ட கோப்புறையில் பொதுச்சாவியை வைத்துவிட்டால், உங்கள் முகவரியை வைத்தே ஜிபிஜி சாவியைத் தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் அங்கும் நீட்டித்த பிரதியை வைக்க மறக்கக்கூடாது.

மறையாக்காமல் பதில் போவதற்கு: தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புக்குள் போய், முழுமறையாக்கப் பகுதியில் ‘மறையாக்கம் கட்டாயம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரின் சாவி கிடைக்காவிட்டால் அஞ்சல் போகாது. முரட்டு வழிதான், ஆனால் வேலைக்கு ஆகும். அப்படியே முதன்மைக் கடவுச்சொல்லையும் வையுங்கள். 78-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட் தன் சாவிக்கொத்தைத் தானே வைத்துக்கொள்கிறது, ஜிபிஜி-யின் கொத்தைப் பார்ப்பதில்லை. தனிச்சாவியைப் பூட்டும் தொடரை அதுவே உருவாக்கித் தன் கோப்புறையிலேயே போட்டுவைக்கும். முதன்மைக் கடவுச்சொல் இல்லையென்றால் அந்தக் கோப்புறையை நகலெடுத்தவனுக்குச் சாவியும் சேர்ந்தே கிடைத்த மாதிரி.

---

ஏழாம்பிட்:

பாக்கெட் 20 பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஜிபிஜி 2.3-இலிருந்து உண்டாக்கும் சாவிகள் ‘எனக்கு ஓசிபி முறையில் அனுப்பலாம்’ என்று தம் விருப்பப் பட்டியலில் அறிவிக்கின்றன; ஓசிபி என்பது மறையாக்கத்தையும் கலப்படச் சோதனையையும் ஒன்றாகச் செய்யும் ஏஇஏடி முறைகளில் ஒன்று. அனுப்புபவரிடமும் 2.3 அல்லது அதற்கு மேல் இருந்து, பெறுபவர்கள் எல்லாருடைய சாவியும் அப்படி அறிவித்தால், ஜிபிஜி புதுவகைப் பாக்கெட்டில் (செய்தியின் உள்பகுதி ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயர்) மறையாக்கும். அதன் எண்தான் 20. இது லிப்ரபிஜிபி வகை, ஜிபிஜி முகாம் தனியே பின்பற்றும் வடிவம். மறுபக்கம், 2024 ஜூலையில் வந்த, ஓப்பன்பிஜிபி-யின் புதிய தரநிலையான ஆர்எஃப்சி 9580 அதே நோக்கத்துக்கு வேறொரு பாக்கெட் வடிவத்தை வைத்திருக்கிறது. இரண்டு முகாமும் பொதுவாக ஒன்றையொன்று படிக்காது. நடுவில் மாட்டிக்கொண்டவர் உங்கள் புது உறுப்பினர்.

உறுதி செய்வது சுலபம். 2.2 வைத்திருப்பவர் அனுப்பிய அஞ்சல் போனில் திறந்து, 2.4 வைத்திருப்பவர் அனுப்பியது மட்டும் திறக்கவில்லையென்றால் காரணம் இதுவே. ஜிபிஜி-யின் லிஸ்ட்-பாக்கெட்ஸ் கட்டளையில் அந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ‘ஏஇஏடி மறையாக்கப் பாக்கெட்’ என்று காட்டும்.

தீர்வு: அவர் தன் சாவியை எடிட்-கீ கட்டளையால் திறந்து, செட்பிரெஃப் கொடுத்து, ஏஇஎஸ்256, ஏஇஎஸ்192, ஏஇஎஸ், ஷா512, ஷா384, ஷா256, ஜெட்லிப், ஜிப் என்று மட்டும் பட்டியல் தரட்டும். பட்டியலில் ஓசிபி இல்லாததால் அந்த அறிவிப்பு நீங்கிவிடும். சேமித்து, பொதுச்சாவியை எல்லாருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே வந்த அஞ்சல்கள் மாறாது, அவற்றை மேசைக்கணினியில்தான் படிக்க வேண்டும். இதே காரணத்துக்காகப் புதுச் சாவி எதுவானாலும் வி4 வடிவிலேயே உண்டாக்குங்கள். வி5, வி6 இரண்டும் இப்போதைக்கு எதிர்முகாமில் செல்லாக் காசு.

இன்னொன்று. பழையபூட்டு அஞ்சலுக்கு வக்காலத்து வாங்குகிறார், சரி. ஆனால் உள்ளடக்கத்தை மறைத்தாலும் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது தலைப்பகுதியில் திறந்தே போகிறது. தண்டர்பேர்ட் இப்போது பொருள்வரியையும் மறைத்து வெளியே மூன்று புள்ளி மட்டும் காட்டுகிறது. மற்ற சில செயலிகள் மறைப்பதில்லை. ஒன்பது பேரில் ஒருவரிடம் அப்படிப்பட்ட செயலி இருந்தாலும் ‘மறு:’ போட்டு அவர் எழுதும் பதிலில் பொருள்வரி வெளியே வந்துவிடும்.

2018 மே மாதம் வெளிவந்த ஈஃபெயில் எனும் ஓட்டையையும் மறக்க வேண்டாம். மறையாக்கத்தின் கணக்கு உடையவில்லை. செயலிகள், கலப்படம் நடந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே மறைநீக்கிய உரையை எச்டிஎம்எல்-ஆகக் காட்டின. ஒட்டவைத்த படக்குறி அந்த உரையையே முகவரியில் சுமந்துகொண்டு வெளியே போனது. இன்றைக்கும் மறையாக்க அஞ்சலை வெற்று உரையாகவே காட்டும்படி வையுங்கள், தொலைப் படங்களை நிறுத்தி வையுங்கள்.

---

நிழல்நகல்:

பேக்கப்புக்கு ஏஜ். யோசிக்கவே வேண்டாம். ஆனால் மாறும் வழியில்தான் கோப்பைத் தொலைப்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஏஜ் செய்வது ஒரே வேலை. கோப்புக்கென ஒரு சாவி உண்டாக்கி, பெறுபவர் ஒவ்வொருவரின் எக்ஸ்25519 பொதுச்சாவியாலும் அதைப் பொதிந்து தலைப்பகுதியில் வைக்கிறது. உள்ளடக்கத்தை 64 கேபி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சாச்சா20-பாலி1305 எனும் முறையால் பூட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் சரிபார்த்த பிறகே வெளியே வரும். கடைசித் துண்டுக்குத் தனி அடையாளம் உண்டு, பாதியில் அறுந்த கோப்பு பிழையோடு நிற்கும். ஜிபிஜி அப்படியல்ல, பைப்பில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் குழாய்) உரையை விட்டுக்கொண்டே போய்க் கடைசியில்தான் ‘கலப்படம்’ என்று சொல்லும். அதற்குள் டார் பாதியை விரித்திருக்கும்.

இன்னொரு லாபம்: யாருக்காக மறையாக்கப்பட்டது என்பது ஏஜ் கோப்பில் தெரியாது. ஜிபிஜி கோப்பில் பெறுபவர்களின் சாவி எண்கள் அப்பட்டமாக இருக்கும், மறைக்கத் தனி விருப்பம் கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் சாவியை (சர்வருக்குள் நுழையப் பயன்படுவது) ஏஜ் பெறுநராகக் கொடுத்தால் மட்டும் ஒரு சின்ன அடையாளம் தலைப்பகுதியில் விழும். எஸ்எஸ்எச் சாவியை இதற்கு இழுக்க வேண்டாம் என்பதே என் கட்சி. எஸ்எஸ்எச்-ஏஜெண்ட் வழியாக ஏஜ் வேலை செய்யாது, சர்வர் சாவியை மாற்றும் நாளில் பேக்கப்பும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

அமைப்பது இப்படி. மூன்று பேரும் தனித்தனியாக ஏஜ்-கீஜென் ஓட்டட்டும். 62 எழுத்துப் பொதுச்சாவிகள் மூன்றையும் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாகப் போட்டு, பேக்கப் கணினியில் வைத்துப் பெறுநர் கோப்பாகக் கொடுங்கள். நான்காவதாக ஒரு சாவி உண்டாக்கி, அதன் தனிச்சாவியைத் தாளில் அச்சடித்துப் பெட்டகத்தில் வையுங்கள். 74 எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து, ஒரே வரி. கையால் தட்டும்போது ஒரு எழுத்து பிசகினாலும் உள்ளே இருக்கும் சரிபார்ப்புத் தொகை காட்டிக்கொடுக்கும். யூபிகீ (சாவியை உள்ளே வைத்திருக்கும் சிறு கருவி) செருகுநிரல் பயன்படுத்துபவர் இருந்தால் இந்தத் தாள் கட்டாயம்: கருவிக்குள் உண்டான சாவி வெளியே வராது, கருவி தொலைந்தால் சாவியும் தொலைந்தது.

கவனம்: ஒரே கோப்பில் பொதுச்சாவியையும் கடவுத்தொடரையும் கலக்க ஏஜ் விடாது. சுருக்குவதென்றால் மறையாக்கத்துக்கு முன்பே சுருக்குங்கள், பிறகு சுருங்காது. புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அடுத்த பேக்கப்பிலிருந்துதான் அவரால் திறக்க முடியும்.

பழைய கோப்புகளுக்கு வருவோம். முதலில் சாவிகளைப் பத்திரப்படுத்துங்கள்: தனிச்சாவி ஏற்றுமதி, ஓனர்ட்ரஸ்ட் (யாரை நம்புகிறோம் என்ற பதிவு) ஏற்றுமதி, ரத்துச் சான்றிதழ் கோப்புறை மூன்றும். பிறகு காலியான ஒரு ஜிபிஜி கோப்புறையில் அந்த நகலை மட்டும் ஏற்றி, மிகப் பழைய பேக்கப் ஒன்றைத் திறந்து பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மிகப் பழைய கோப்புகள் இரண்டு விதத்தில் மக்கர் பண்ணும். எம்டிசி எனும் ஒருமைப்பாட்டுச் சோதனை இல்லாமல் மறையாக்கியவற்றை, 2018 ஜூனில் வந்த 2.2.8 முதல் ஜிபிஜி எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே கருதுகிறது. இக்னோர்-எம்டிசி-எரர் விருப்பம் கொடுத்தால் திறக்கும். அந்தக் கோப்பில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அப்போது உத்தரவாதம் கிடையாது. பிஜிபி 2 காலத்து வி3 சாவிகளை 2.1 முதல் ஜிபிஜி ஏற்பதில்லை, அவற்றுக்கு 1.4 பதிப்பைத் தனியாக ஒரு மெய்நிகர் கணினியில் வைத்திருக்க வேண்டும்.

மாற்றும் ஸ்கிரிப்ட்டில் எல்லாரும் எழுதுவது: ஜிபிஜி மறைநீக்கம், பைப், ஏஜ் மறையாக்கம். இதில் ஒரு குழி. ஷெல் பார்ப்பது பைப்பின் கடைசிக் கட்டளை தந்த முடிவை மட்டும். ஜிபிஜி தவறான கடவுத்தொடராலோ பாதி வழியிலோ விழுந்தாலும், ஏஜ் தனக்கு வந்ததை ஒழுங்காகப் பூட்டி வெற்றி என்று சொல்லிவிடும். கிடைப்பது பார்வைக்குக் குறையில்லாத, உள்ளே காலியான அல்லது பாதியான ஒரு கோப்பு. பேஷில் பைப்ஃபெயில் விருப்பத்தைப் போடுங்கள். அதோடு விடாமல், மறைநீக்கிய உரையின் ஷா-256 தொகையை (கோப்பின் கைரேகை போன்றது) ஒருமுறை, புது ஏஜ் கோப்பைத் திறந்து அதன் தொகையை ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். உரையை வட்டில் எழுத வேண்டாம், ரேமிலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ் கோப்புறை போதும். ஸ்வாப்பையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரேமில் வைத்ததும் வட்டுக்குப் போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி: பழையதை மாற்றத்தான் வேண்டுமா? வெளி சர்வரில் ஏற்கெனவே கிடக்கும் ஜிபிஜி நகலை யாராவது எடுத்திருந்தால், நீங்கள் ஏஜ்-க்கு மாற்றியதால் அந்த நகல் பூட்டிக்கொள்ளப் போவதில்லை. பழையதை எல்லா இடத்திலும் உண்மையாகவே அழிக்க முடிந்தால் மட்டும் மறுமறையாக்கத்தில் பொருள் உண்டு. முடியாதென்றால் புது பேக்கப்பை ஏஜ்-இல் தொடங்கி, பழையதை அதன் காலம் முடியும்வரை அப்படியே விடுங்கள். அதுவரை ஜிபிஜி-யும் பழைய சாவியும் இருந்தே ஆக வேண்டும்.

---

சாவிக்கொத்து:

செட்பிரெஃப் வேலை செய்தது, போனில் திறக்கிறது. காலாவதிச் சாவிக்கும் பழையபூட்டு சொன்னதே காரணம். உறுதிப்பாட்டு அஞ்சல் குப்பைப் பெட்டியில் கிடந்தது.

இரண்டு சந்தேகம். ஏஜ் கோப்பை அனுப்பியது யார் என்று எப்படித் தெரியும்? மென்பொருள் கையொப்பத்தை மினிசைனுக்கு மாற்றினால் பழைய ஜிபிஜி சாவியை ரத்து செய்துவிடலாமா?

---

முனையம்24:

தெரியாது. ஏஜ்-இல் அனுப்புநர் அடையாளமே கிடையாது, உங்கள் பொதுச்சாவி கையிலிருக்கும் எவரும் உங்களுக்கு ஒரு கோப்பு உண்டாக்கலாம். பேக்கப் சர்வருக்குள் புகுந்தவன் படிக்க முடியாது, ஆனால் வேறொன்றை வைத்துவிட்டுப் போகலாம், அல்லது ஆறு மாதப் பழையதை இன்றைய பெயரில் வைக்கலாம். அதனால் கையொப்பம் வேண்டும்.

மறையாக்குவதற்கு முன் டார் கோப்பில் கையொப்பமிட்டு, டாரையும் கையொப்பக் கோப்பையும் சேர்த்து ஏஜ்-இல் பூட்டுங்கள். பூட்டிய கோப்பின்மேல் கையொப்பமிட்டால், நடுவில் இருப்பவன் அதைக் கழற்றிவிட்டுத் தன் கையொப்பத்தை ஒட்டித் தனதாக்கிக்கொள்ளலாம். உள்ளே இட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பெறுபவர் திறந்து, அதே கையொப்பத்தோடு வேறொருவருக்குப் பூட்டி அனுப்ப முடியும். மினிசைனில் ‘நம்பகக் குறிப்பு’ என்றொரு வரி உண்டு, அதுவும் கையொப்பத்துக்குள் அடங்கும். அங்கே யாருக்கு, என்ன தேதி, எத்தனையாவது பேக்கப் என்று எழுதுங்கள். பழையதை மாற்றி வைக்கும் வேலையும் அதில் பிடிபடும். ஸ்கிரிப்ட் தானாக ஓட வேண்டுமென்றால் கடவுத்தொடர் இல்லாத சாவி உண்டாக்க மினிசைனில் வழி இருக்கிறது. அந்தச் சாவியை பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வெளியீட்டுக் கையொப்பத்துக்கு வேறு சாவி.

மினிசைன் பொதுச்சாவி 56 எழுத்து. தளத்திலும் மென்பொருளின் ஆவணத்திலும் ஒட்டலாம். ஆனால் காலாவதியும் இல்லை, ரத்து செய்யும் ஏற்பாடும் இல்லை. சாவி களவு போனால் நீங்களே வெளியில் அறிவித்துத்தான் மாற்ற வேண்டும்.

கிட் கமிட்களுக்கு (நிரலில் செய்யும் மாற்றங்களின் பதிவு) மினிசைன் வேண்டாம், எஸ்எஸ்எச் சாவியே போதும். கிட் 2.34, அதாவது 2021 நவம்பரிலிருந்து, அதை ஏற்கிறது. கையொப்ப வடிவம் எஸ்எஸ்எச் என்று சொல்லிப் பொதுச்சாவியின் இடத்தைக் கொடுத்தால் கையொப்பம் விழும். சரிபார்க்கும்போதுதான் பிழை வரும்: யாருடைய சாவி எது என்ற ‘அனுமதித்த கையொப்பமிடுவோர்’ கோப்பைத் தனியே உண்டாக்கி, அதன் பாதையையும் கிட்டுக்குச் சொல்ல வேண்டும்.

---

ஏழாம்பிட்:

இரண்டாவது கேள்விக்கு: ரத்து செய்யலாம், ஆனால் ஜிபிஜி கோப்புறையில் தயாராகக் கிடக்கும் சான்றிதழை ஏற்றாதீர்கள்.

2.1-இலிருந்து சாவி உண்டாகும்போதே ஜிபிஜி ஒரு ரத்துச் சான்றிதழையும் போட்டுவைக்கிறது. தவறி ஏற்றிவிடக்கூடாது என்று அதன் முதல் வரிக்கு முன் ஒரு முக்காற்புள்ளியும் இருக்கும். அதில் உள்ள காரணம் ‘குறிப்பிடவில்லை’. சில மென்பொருள்கள், குறிப்பாக சீக்கோயா எனும் ஓப்பன்பிஜிபி மென்பொருள், அதைச் சாவி களவு போனதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளும். அந்தச் சாவி என்றைக்கு இட்ட கையொப்பமும் செல்லாது என்றாகும். இத்தனை வருஷமாக நீங்கள் வெளியிட்ட எல்லா டார் கோப்பும் ஒரே நாளில் சிவப்பெழுத்தில் நிற்கும்.

ஜென்-ரிவோக் கட்டளையால் புதிதாக ஒன்று உண்டாக்குங்கள். காரணம் கேட்கும்போது 0 வேண்டாம், 1 என்பது களவு போனதற்கு. 2-ஐத் தேர்ந்தெடுங்கள், ‘வேறு சாவி வந்துவிட்டது’ என்று பொருள். அப்போது இப்படிக் காரணத்தைப் பிரித்துப் பார்க்கும் மென்பொருள்களில் ரத்து செய்த தேதிக்கு முந்தைய கையொப்பங்கள் செல்லும். அதற்கு முன், புது மினிசைன் பொதுச்சாவியை ஒரு உரைக்கோப்பில் எழுதி, பழைய ஜிபிஜி சாவியால் கையொப்பமிட்டு வெளியிடுங்கள். ஒரு வெளியீட்டுக்காவது இரண்டு கையொப்பமும் சேர்ந்து போகட்டும். உங்கள் கோப்பை எடுத்துப் பொதிகளாக்குபவர்களின் ஸ்கிரிப்ட்டுகள் பழைய சாவியைத்தான் தேடும். அவர்கள் மாற்றிக்கொண்ட பிறகு ரத்துச் சான்றிதழை ஏற்றுங்கள்.